மூன்று பாட்டில் மாட்டுக்கறி

சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் மாட்டுக்கறி கிலோ இரண்டரை ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. 1974 பொங்கலுக்குப் பிறகு மூன்று ரூபாய் ஆயிற்று. மாசியில் மூன்றரை. சித்திரை பிறந்தபோது நாலு. ஊரில் மாட்டுக்கறி விற்றவர் கிஃபாயத்துல்லா ஒருவர்தான். ஆகவே விலை ஏறியதற்கும் அவர்தான் காரணம் என்று எல்லோரும் எண்ணினார்கள்.

கிஃபாயத்துல்லாவுக்கு ஐம்பது வயது. அதிகம் பேசமாட்டார். விடியுமுன் அறுத்து, ஆறு மணிக்குக் கடை திறந்து, ஒன்பதுக்கெல்லாம் கட்டையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஏன் பாய் விலை இப்படி ஏறுகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“மாடு கெடைக்கல.”

அது உண்மைதான். இரண்டு வருடமாக மழை சரியில்லை. போன வருடம் வைக்கோல் வாங்க முடியாமல் மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயிகள் மாடுகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். அப்போது கறி கொஞ்ச நாள் இரண்டு ரூபாய்க்குக்கூட இறங்கியது. அதற்கு யாரும் கிஃபாயத்துல்லாவிடம் விளக்கம் கேட்கவில்லை. இந்த வருடம் சந்தையில் மாடே இல்லை. வருகிற நாலைந்தையும் மெட்ராஸுக்கும் பாலக்காட்டுக்கும் போகிற லாரிக்காரர்கள் சந்தை வாசலிலேயே மடக்கிக்கொண்டார்கள். பக்கத்தில் கல்பாக்கத்திலோ அணுமின் நிலையம் கட்டுவதற்கு நாளுக்கு நாள் ஆள் வந்து குவிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் பசித்தது.

அவர்களில் எண்பது பேருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் தேவசகாயம். மார்த்தாண்டத்துக்காரர். கல்பாக்கம் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகையில் மெஸ் வைத்திருந்தார். வெல்டர்களும் ஃபிட்டர்களும்தான் வாடிக்கை. சாப்பாடு, மாட்டுக்கறி வறுவலோடு ஒன்றேகால் ரூபாய் என்று பெயின்டால் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். விலையை ஏற்றினால் பலகையோடு கொட்டகையையும் பிரித்துவிடுவோம் என்று ஃபிட்டர்கள் சொல்லியிருந்ததால், அவர் கறித்துண்டைச் சின்னதாக வெட்டச் சொன்னார். ஒருநாள் ஒரு ஃபிட்டர் தன் பங்குக்கு வந்த மூன்று துண்டுகளை இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எண்பது பேரும் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தேவசகாயம் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போய், தாலுக்கா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்தார்.

“வெலய கொறைக்கச் சொல்லி மனு போட முடியாது,” என்றார் மனு எழுதுகிறவர். “அரிசி, சர்க்கர, கெரசின்னா போடலாம். மாட்டுக்கறி கன்ட்ரோல்ல இல்ல.”

“பின்ன எதுக்குத்தான் மனு போட முடியும்?”

“வேற எதனா சொல்லு. அழுகினது, நாத்தம், ஈ, மருந்து.”

“மருந்தா?”

“கெடாம இருக்கறதுக்கு எல்லாத்துலயும் மருந்து போட்றானுங்கன்னு பேப்பர்ல வந்துகினே கீது. போட்ருவமா?”

தேவசகாயம் யோசித்தார். கிஃபாயத்துல்லா கறியில் மருந்து போட்டு அவர் பார்த்ததில்லை. போடவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததும் இல்லை.

“போடும்,” என்றார்.

மனுவில் விலையைப் பற்றி ஒரு வரி வந்தது. மருந்தைப் பற்றிப் பதினோரு வரி. மனு எழுதுகிறவருக்கு அந்தப் பகுதிதான் நன்றாக வந்தது.

மனு போய்ச் சேர்ந்த ஆபீஸில் உணவு இன்ஸ்பெக்டராக இருந்தவர் சுப்புராமன். மாயவரத்துக்காரர், நாற்பத்து மூன்று வயது. துவரம் பருப்பில் மஞ்சள் சாயம், மஞ்சள் பொடியில் பெயின்ட் பொடி, மிளகாய்த் தூளில் செங்கல், கடலை எண்ணெயில் வேறு எண்ணெய் என்று ஒன்பது வருடச் சர்வீஸில் அவர் கண்டுபிடிக்காத கலப்படம் கிடையாது. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி மேலே அனுப்பியிருந்தார். ஒன்றுகூடக் கோர்ட்டுக்குப் போகவில்லை. பருப்பு வியாபாரிகளுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சொந்தக்காரர்களிடம் டெலிபோன் இருந்தது.

தேவசகாயத்தின் மனு மேலதிகாரியின் குறிப்போடு அவர் மேஜைக்கு வந்தது. “விலை நமக்குச் சம்பந்தமில்லை. மருந்து சம்பந்தம். மாதிரி எடுக்கவும்.”

சுப்புராமன் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர். இந்த வேலைக்கு வந்த பிறகு பாலும் எண்ணெயும் பொடியும்தான் மாதிரி எடுத்திருந்தார். பச்சைக் கறி எடுத்ததில்லை. அவர் குறிப்பை இரண்டு முறை படித்தார். பிறகு பியூன் பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டு, மூன்று அகல வாய் பாட்டில்களைக் கழுவிக் காயவைக்கச் சொன்னார்.

மாதிரி எடுப்பதற்கு முறை உண்டு. விலை கொடுத்து வாங்கி மூன்று பங்காக்கி மூன்று பாட்டிலில் போட வேண்டும். ஒன்று மெட்ராஸில் சோதனைக்கூடத்துக்கு, ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று விற்றவருக்கு. வழியில் கெட்டுப்போகாமல் இருக்க ஒவ்வொரு பாட்டிலிலும் ஃபார்மலின் விட வேண்டும். இன்னது, இவ்வளவு விட்டிருக்கிறது என்று பாட்டிலின் மேல் ஒட்டுகிற சீட்டில் எழுத வேண்டும். அதைப் பார்த்தால்தான் சோதிக்கிறவருக்கு, அந்த ஃபார்மலின் இன்ஸ்பெக்டர் விட்டது, வியாபாரி விட்டதல்ல என்று தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு இருவரும் கிஃபாயத்துல்லாவின் கடைக்குப் போனார்கள். கடை பழைய டச்சுக் கோட்டைச் சுவருக்கு எதிரில் இருந்தது. ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சுப்புராமன் தான் யார் என்று சொன்னார். நிற்பவர்கள் நகரவில்லை, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார்கள்.

“மருந்தா? இன்னாத்துக்கு சார் மருந்து?” என்றார் கிஃபாயத்துல்லா. “ஒம்போது மணிக்கு கட காலி. மிச்சம் இருந்தாத்தான மருந்து போடணும்?”

“புகார் வந்திருக்கு பாய். முறைப்படி எடுக்கணும். முக்கால் கிலோ கொடுங்க.”

கிஃபாயத்துல்லா வெட்டி நிறுத்தார். வழக்கம்போல ஒரு துண்டு மேலே போட்டார். சுப்புராமன் மூன்று ரூபாய் கொடுத்து ரசீது வாங்கினார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு பன்னீர்செல்வம் கறியை மூன்று பங்காக்கச் சொன்னான். கட்டையில் கத்தி இறங்கியது. சுப்புராமன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பி, கோட்டைச் சுவரைப் பார்த்தார். பன்னீர்செல்வம் “ஆச்சு சார்” என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று பாட்டில்களுக்கும் அரக்கு வைத்தார்கள். சீட்டுகளில் பன்னீர்செல்வம் காட்டிய இடத்தில், முகத்தை ஒருபக்கமாக வைத்துக்கொண்டே, சுப்புராமன் கையெழுத்துப் போட்டார்.

ஆனி மாதம் மெட்ராஸிலிருந்து ரிப்போர்ட் வந்தது. கறியில் ஃபார்மலின் இருக்கிறது, அது உணவில் சேர்க்கக் கூடாத பொருள், கலப்படம்.

சுப்புராமனுக்கு மனதில் ஒரு திருப்தி உண்டாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு ரிப்போர்ட்டுக்கு எதிராக யாருக்கும் டெலிபோன் வரவில்லை. கிஃபாயத்துல்லாவுக்கு டெலிபோன் வைத்த சொந்தக்காரர் யாரும் இல்லை. பதினைந்து நாளில் கேஸ் கோர்ட்டுக்குப் போயிற்று. குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஆறு மாதம் ஜெயில், ஆயிரம் ரூபாய் அபராதம். மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, “இந்த வருஷம் நம்ம ஆபீஸ்லேருந்து கோர்ட்டுக்குப் போன கேஸ் இது ஒண்ணுதான்யா,” என்று கைகுலுக்கினார்.

கிஃபாயத்துல்லா மாதிரி எடுத்த நாளிலிருந்து எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். “மருந்த ஊத்துனது அவங்க ஆளுதான். நான் பாத்தேன். ரெண்டு ஸ்பூன்.” கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவருக்கு அமைந்த வக்கீல்கூட, “எல்லாரும் அப்படித்தான் பாய் சொல்வாங்க,” என்றார்.

சதுரங்கப்பட்டினத்தில் செய்தி ஒரே நாளில் பரவியது. மருந்து போட்ட கறியைத் தின்றால் நரம்பு தளரும் என்று சிலர் சொன்னார்கள். தின்று தளர்ந்தவர் என்று ஒருவரைக் காட்டவும் செய்தார்கள். அவர் பத்து வருடமாகக் கள் குடிப்பவர். காலையில் கடை முன்னால் நின்ற கூட்டம் நாலு பேரானது. தினம் அறுத்தவர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் அறுத்தார். அதையும் மூன்று ரூபாய்க்கு இறக்கினார். ஆக, மனுவின் முதல் வரியில் கேட்டது நிறைவேறிவிட்டது.

மூன்று ரூபாய் ஆனதும் தேவசகாயம் வந்தார். கடைக்கு முன்பக்கமாக வரவில்லை. மீன் வாங்கப் போகிறவர்போலச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, எட்டுக் கிலோ வாங்கி, மேலே வாழையிலையைப் போட்டு மூடிக்கொண்டு போனார். மெஸ்ஸில் துண்டுகள் பெரிதாயின. கறி எங்கே வாங்கினது என்று ஃபிட்டர்கள் கேட்டபோது, செங்கல்பட்டு என்றார்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருக்கழுக்குன்றத்தில் சுப்புராமன் குடியிருந்த வீட்டுக் கதவை ஒரு பெண்மணி தட்டினாள். சுப்புராமன் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஞானம்பாள்தான் கதவைத் திறந்தாள்.

“இன்ஸ்பெட்டரு வூடுதான இது?”

“ஆமா. நீங்க?”

“நான் சதுரங்கப்பட்டணம். கறிக்கட பாய் பொஞ்சாதி. ஷரீபுன்னிசா.” அவள் துணிப்பையிலிருந்து அரக்கு வைத்த பாட்டில் ஒன்றை எடுத்து வாசற்படியில் வைத்தாள். “இத நீங்களே வச்சிகினா நல்லா இருக்கும்மா. எங்க வூட்ல வேணாம்.”

ஞானம்பாள் குனிந்து பார்த்தாள். பாட்டிலுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்தது.

“என்ன இது?”

“கறி. அன்னிக்கு எடுத்துகினு போனாங்களே, அதுல எங்க பங்கு. கேசு முடியறவரைக்கும் பத்திரமா வச்சிருக்கணும்ன்னு சொல்லிட்டாங்க. நாலு மாசம் ஆச்சு. கெடவே இல்ல. புழு வெக்கல, நாறல. அலமாரில ஒக்காந்துகினு எங்களயே பாத்துகினு கீது. எங்க மருமவ அந்த ரூமுக்கே போமாட்டேன்றா.”

ஞானம்பாள் அந்தப் பாட்டிலை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். ஆனாலும் அவள் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற சுபாவம் உள்ளவள்.

“ஏன் கெடலை?”

“மருந்து ஊத்துனா எப்பிடிமா கெடும்?”

“அப்போ உங்க வீட்டுக்காரர் ஊத்தினது உண்மைதானே?”

“அவரு எதுக்கும்மா ஊத்தறாரு? உங்க வூட்டுக்காரரோட வந்தாரே, காக்கி சட்ட, அவருதான் ஊத்துனாரு. சொன்னா யாரு நம்புறாங்க? நாலு மாசமா கத்திகினு கீறோம்.”

இதற்குள் சுப்புராமன் ஈரத் துண்டோடு வந்துவிட்டார். வாசற்படியில் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் கோணியது. விற்றவரின் பங்கை விற்றவர்தான் வைத்திருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வாங்கிக்கொள்ள விதி இல்லை என்று ஷரீபுன்னிசாவுக்கு விளக்கினார். அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுக்கலாம் என்றார். பாட்டிலை மூக்குக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பினார். அரக்கு சரியாக இருந்தது. அப்படியே சீட்டையும் படித்தார்.

பொருள்: மாட்டிறைச்சி. இடம், தேதி, எடை எல்லாம் பன்னீர்செல்வத்தின் கோணல் எழுத்தில் இருந்தன. சேர்த்த பதப்படுத்தும் பொருள் என்று அச்சடித்திருந்த இடத்துக்கு எதிரில் ஒன்றும் இல்லை. வெறும் புள்ளிக்கோடு. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து.

சுப்புராமன் அதை மறுபடியும் படித்தார். பிறகு பாட்டிலை மெதுவாக ஷரீபுன்னிசாவிடம் கொடுத்து, “பத்திரமா வச்சிருங்கம்மா,” என்றார். அவர் குரல் மாறியிருந்ததை ஞானம்பாள் கவனித்தாள். ஷரீபுன்னிசா வந்த காரியம் ஆகவில்லையே என்று முனகிக்கொண்டு பாட்டிலைப் பைக்குள் வைத்து, பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆபீஸில் இருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தார். அதிலும் வெறும் கோடுதான். பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டார்.

“ஃபார்மலின் எவ்வளவு விட்ட?”

“ரெண்டு ஸ்பூனு சார். வெயில் காலம்ன்னு கொஞ்சம் தாராளமா வுட்டேன்.”

“சீட்டுல ஏன் எழுதல?”

“அத்த நீங்கதான சார் எப்பவும் எழுதுவீங்க. பாலு எடுக்கசொல்லோ, எண்ண எடுக்கசொல்லோ, நீங்கதான எழுதனீங்க. எழுதிட்டீங்கன்னு நெனச்சிகினேன்.”

அது சரிதான். அந்தக் கோட்டில் எப்போதும் சுப்புராமன்தான் எழுதுவார். அன்றைக்கு எழுதும் நேரத்தில் அவர் வேறுபக்கம் திரும்பியிருந்தார்.

அவர் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். மேலதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார்.

“கறியில முதல்லயே மருந்து இருந்திருக்காதுன்னு உமக்கு எப்படித் தெரியும்?”

“இருந்ததுன்னும் தெரியாது சார். நாமளே ஊத்தின பிறகு யாராலயும் சொல்ல முடியாது.”

“யாராலயும் சொல்ல முடியாதுன்னா, நீர் மட்டும் ஏன்யா சொல்லணும்? பேசாம சாட்சி சொல்லிட்டு வாரும். இந்த வருஷம் ப்ரமோஷன் லிஸ்ட்ல உம்ம பேர் இருக்கு.”

சுப்புராமன் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பார்த்தால் பாட்டில் ஞாபகம் வந்தது என்பது ஒரு காரணம். ஞானம்பாள் பொறுத்துப் பார்த்தாள். கோர்ட்டுக்கு முதல் நாள் காலை, கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அந்த மனுஷர் மருந்து போட்டாரா, இல்லையா?”

“போட்டிருக்க மாட்டார். ஒன்பது மணிக்குத் தீர்ந்துபோற கறிக்கு யார் மருந்து வாங்கிப் போடுவா?”

“சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்?”

“ப்ரமோஷன் போகும். இன்க்ரிமென்ட் ஒரு வருஷம் நிக்கும். எங்கேயாவது மாத்துவாங்க.”

“சொல்லலேன்னா அவருக்கு?”

“ஆறு மாசம்.”

ஞானம்பாள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். “இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள். “இன்க்ரிமென்ட் இல்லாம போன வருஷமும்தான் சாப்பிட்டோம்.”

அவளுக்கு அவ்வளவு எளிதாக இருந்தது. சுப்புராமனுக்கு இல்லை. தப்பு செய்ததைச் சொல்வதில்கூட அவருக்கு அவ்வளவு பயமில்லை. எப்படிச் செய்தார் என்பதைச் சொல்லவேண்டுமே, அதுதான் கூச்சமாக இருந்தது.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் கேஸ் பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கிஃபாயத்துல்லா வெள்ளைச் சட்டை போட்டுக் கூண்டில் நின்றார். பின்னால் பெஞ்சில் ஷரீபுன்னிசா பையோடு உட்கார்ந்திருந்தாள். அரசு வக்கீல் சுப்புராமனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, மாதிரி சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று கேட்டார். ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்து அடுத்த காகிதத்தைப் புரட்டிவிட்டார்.

“இல்லை,” என்றார் சுப்புராமன்.

அரசு வக்கீல் புரட்டிய காகிதத்தைத் திரும்பப் புரட்டினார். மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இல்லைன்னா?”

“ரிப்போர்ட்டுல கண்ட ஃபார்மலின் எங்க ஆபீஸ் ஃபார்மலின், ஐயா. மாதிரி கெடாம இருக்க நாங்க விட்டது. சீட்டுல அதை எழுதியிருக்கணும். நான் எழுதலை. அதனால சோதிச்சவர் வியாபாரி போட்டதுன்னு எடுத்துக்கிட்டார். அவர் மேல தப்பு இல்லை.”

“எவ்வளவு விட்டீங்க?”

“ரெண்டு ஸ்பூன்னு பியூன் சொல்றார். நான் பார்க்கலை.”

“பக்கத்துலதானே இருந்தீங்க?”

“இருந்தேன், ஐயா.”

“பின்னே எங்கே பார்த்துக்கிட்டிருந்தீங்க?”

“கோட்டைச் சுவரை, ஐயா.”

“சுவர்ல என்ன இருந்தது?”

“செங்கல், ஐயா. டச்சுக்காரன் செங்கல். சின்னதா இருக்கும். முப்பத்தொரு வரிசை.”

கோர்ட்டில் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. “எண்ணினீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“எண்ணினேன், ஐயா. எனக்குக் கறி வெட்டறதைப் பார்த்துப் பழக்கமில்லை.”

இதைச் சொன்னபோது அவருக்குக் காது சுட்டது. கூண்டில் நின்ற கிஃபாயத்துல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமோ சந்தோஷமோ எதுவும் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் கிஃபாயத்துல்லா விடுதலை ஆனார். மாதிரி எடுத்த முறை தவறு, அதனால் அந்த ரிப்போர்ட் செல்லாது என்று மாஜிஸ்ட்ரேட் எழுதினார். உணவு இன்ஸ்பெக்டர் உணவைப் பார்ப்பது நல்லது என்றும் ஒரு வரி சேர்த்தார்.

கல்பாக்கம் பஸ் வரும்வரை சுப்புராமனும் கிஃபாயத்துல்லாவும் ஒரே நிழலில்தான் நிற்க வேண்டியிருந்தது. ஷரீபுன்னிசா கொஞ்சம் தள்ளி, கோர்ட்டுக்காரர்கள்கூட வாங்கிக்கொள்ளாத பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றாள். சுப்புராமன்தான் முதலில் பேசினார்.

“நான் பண்ணினது தப்பு பாய்.”

“ஆமா,” என்றார் கிஃபாயத்துல்லா.

வேறு எதாவது சொல்வார் என்று சுப்புராமன் காத்திருந்தார். கிஃபாயத்துல்லா பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மூணு மாசம் யாவாரம் போச்சு. பள்ளிவாசல்ல ஒருத்தன் எம் பக்கத்துல நிக்க யோசிச்சான். இன்னிக்கு நீங்க நெசத்த சொன்னீங்க, இல்லன்னு சொல்லல. அன்னிக்கே திரும்பிப் பாத்திருந்தா சொல்ற வேலையே இல்லையே சார்?”

“இல்லைதான்.”

“எனக்கும்தான் மாட்ட அறுக்கசொல்லோ ஒரு மாரியா இருக்கும். அதுக்காவ கண்ண மூடிகினா கைதான போயிடும்?”

பஸ் வந்தது. கிஃபாயத்துல்லாவும் மனைவியும் முன்னால் ஏறினார்கள். சுப்புராமன் பின்னால் ஏறிக்கொண்டார். திருக்கழுக்குன்றத்தில் அவர் இறங்கும்போது கிஃபாயத்துல்லா தூங்கிக்கொண்டிருந்தார்.

பாட்டிலை ஷரீபுன்னிசா வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் புதர் ஓரத்தில் ஆழமாகக் குழி தோண்டச் சொல்லி, கிஃபாயத்துல்லாவைக் கொண்டே புதைத்துவிட்டாள்.

கடைக்குக் கூட்டம் திரும்பியது. கோர்ட்டே நல்ல கறி என்று தீர்ப்பு சொல்லிவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கிஃபாயத்துல்லா அதைத் திருத்தப் போகவில்லை. மாடு இன்னும் அருகிவிட்டிருந்தது. தீபாவளிக்கு முன்னால் கிலோ நாலே முக்கால் ஆயிற்று. முன்பக்கமாக வரிசையில் நின்று வந்த தேவசகாயம் விலையைக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாய், அந்த மனு நான் போட்டதாக்கும்.”

“தெரியும். கேசுக் கட்டுல காப்பி குடுத்தாங்க. அடியில பேரு போட்டு கையெழுத்து வச்சிகீற.”

“தெரிஞ்சுமா எனக்குப் பின்பக்கத்துல கறி தந்தீரு?”

“வாங்க வேற ஆளு இல்லையே,” என்றார் கிஃபாயத்துல்லா. “எத்தினி கிலோ?”

தேவசகாயம் ஐந்து கிலோ என்றார். பலகையில் ஒன்றேகால் ரூபாயை அழித்து ஒன்றரை என்று எழுதுவதென்று அங்கேயே முடிவு செய்துகொண்டார். ஃபிட்டர்கள் இரண்டு நாள் கத்தினார்கள். கொட்டகையைப் பிரிக்கவில்லை.

சுப்புராமனுக்கு மெமோ வந்தது. ப்ரமோஷன் லிஸ்டில் பேர் இல்லை. இன்க்ரிமென்ட் ஒரு வருடத்துக்கு நின்றது. ஞானம்பாளிடம் சொன்னதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, குறைந்தும் நடக்கவில்லை. அவரை மலேரியாப் பிரிவுக்கு மாற்றினார்கள். கடலோர ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சுவருக்கு டி.டி.டி. கொசு மருந்து அடிக்கிற ஆட்களை மேய்க்கிற வேலை. அடித்து முடித்த வீட்டுச் சுவரில் தேதி எழுத வேண்டும். பூட்டிக் கிடந்தால் பூட்டு என்று எழுத வேண்டும். வேண்டாம் என்று தடுத்தால், தடுத்தவர் பேரை மேலே அனுப்ப வேண்டும், நோட்டீஸ் போகும்.

தை மாதத்தில் சதுரங்கப்பட்டினத்து முறை வந்தது. அவர் ஆட்களை விட்டுவிட்டு நகரவில்லை. மருந்து கலக்கும்போது வாளிக்குப் பக்கத்திலேயே நின்று, எத்தனை டப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நெடி கண்ணைக் கரித்தது. ஆனாலும் பார்த்தார். மூன்றாவது தெருவில் ஏழாவது வீட்டுக்கு வந்தபோது, கதவைத் திறந்துகொண்டு ஷரீபுன்னிசா வெளியே வந்தாள். அவரை அடையாளம் தெரிந்துகொண்டாள். மருந்துப் பம்பை முதுகில் மாட்டியிருந்த ஆளையும் பார்த்தாள். இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டாள்.

“இன்னா இது?”

“கொசுவுக்கு மருந்தும்மா. சுவருக்கு அடிக்கணும். கவர்ன்மென்ட் ஆர்டர்.”

“மருந்தா?” என்றாள் ஷரீபுன்னிசா. “எங்க வூட்லயா? நீங்களா?”

பம்புக்காரன் சுப்புராமனைப் பார்த்தான். “தடுக்கறாங்க சார். பேரு எழுதிக்கலாமா?”

உள்ளேயிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. யாரோ ஒரு குழந்தை பாடம் படித்துக்கொண்டிருந்தது. ஷரீபுன்னிசா கதவின் நடுவில் நின்றபடி நகரவில்லை. சுப்புராமன் அவளை நேராகப் பார்த்தார். பிறகு பம்புக்காரனிடமிருந்து காவிக்கட்டியை வாங்கி, வாசலுக்கு இடப்புறம் சுவரில் குனிந்து, தேதி போட்டு, பூட்டு என்று தெளிவாக எழுதினார்.

“சார், அம்மா இங்கதான நிக்கறாங்க?” என்றான் பம்புக்காரன்.

“தெரியுது,” என்றார் சுப்புராமன். “அடுத்த வீட்டைத் தட்டு.”

ஷரீபுன்னிசா எட்டிச் சுவரைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உள்ளே படித்துக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டு, இன்னாடி எழுதிகீறாரு, படி என்றாள். பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஷரீபுன்னிசா தெருவைப் பார்த்தாள். சுப்புராமன் அதற்குள் இரண்டு வீடு தள்ளிப் போய்விட்டார். அடுப்பில் வெங்காயம் தீய ஆரம்பித்திருந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.